மழையைத் தேடிய மனிதர்கள் – 5: பாதிக் கணக்கு

போன வாரம் ஹென்றி ப்ளான்ஃபோர்டைக் கல்கத்தாவில் மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். எழுந்து போயிருக்க மாட்டார், போகவும் முடியாது. இந்திய அரசாங்கத்தின் முதல் வானிலை அதிகாரி அவர்தான். 1875ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மறுவருஷமே, அதாவது நம் தாது வருஷத்தில், மெட்ராஸ் மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது போய் ஈஸ்வர வருஷம் பிறந்தது. 1877ன் தென்மேற்குப் பருவமழையும் காலை வாரியது. இந்த முறை தெற்கோடு நிற்கவில்லை, வடக்கும் காய்ந்தது.

இந்த வாரம்தான் தொடருக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி. மெட்ராஸ் கடற்கரையில் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகள் காவலோடு அடுக்கடுக்காகக் கிடந்தன. வாங்கக் காசில்லாத ஜனங்கள் ஊர்ஊராக விழுந்து செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார் இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள். அது உடம்பில் உயிரைப் பிடித்துவைக்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதுதான். பறக்கும் ரயிலில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதே கால்வாய். செத்தவர்கள் 55 லட்சம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் சரித்திரக்காரர்களுக்குள் தகராறு.

ப்ளான்ஃபோர்டிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. மழை ஏன் வரவில்லை?

அவரிடம் பதில் இல்லை. ஒரு விசித்திரம் மட்டும் கைவசம் இருந்தது.

பாரமானியில் இருக்கிற பாதரசம் நம் தலைமேல் நிற்கும் காற்றின் எடையைச் சொல்லும். காற்று மேலே எழுகிற இடத்தில் எடை குறையும். எழுந்த காற்று குளிர்ந்து மேகமாகி மழையாக இறங்கும். காற்று உயரத்திலிருந்து கீழே அமுங்குகிற இடத்தில் எடை கூடும், அங்கே மேகம் தலைதூக்காது. 1876 கடைசியிலிருந்து 1878 வரை இந்தியாவின் பாரமானிகளில் பாதரசம் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலேயே நின்றது. சற்று என்றால் வெறும் கண்ணுக்குப் பிடிபடாத அளவு. வருஷக்கணக்காகப் பதிவேடு எழுதுகிறவனுக்குத்தான் உறுத்தும். அப்படி எழுதும் இடங்கள் நாட்டில் இருந்தன. நம் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம் 1792லேயே கட்டியது.

ஒரு நாடு முழுக்க, மாதக்கணக்கில், காற்று இப்படி அமுங்கிக் கிடக்குமா? அப்படியென்றால் இந்தக் கனம் எதுவரை பரவியிருக்கிறது? ப்ளான்ஃபோர்டு பேனாவை எடுத்தார். மொரிஷியஸ், ஆஸ்திரேலியா என்று பாரமானி இருக்கும் இடங்களுக்கெல்லாம் எழுதினார். உங்கள் ஊரில் காற்று எப்படி இருக்கிறது?

பதில் போட்டவர்களில் ஒருவர் அடிலெய்டிலிருந்த சார்லஸ் டாட். தென் ஆஸ்திரேலியாவின் தபால் தந்தித் தலைவரும் அவரே, வானிலைக்காரரும் அவரே. 1872ல் பாலைவனத்தின் குறுக்கே 3,000 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுத்து முடித்தவர். வழியில் அகப்பட்ட ஒரு நீர்நிலைக்கு அவர் மனைவி ஆலிஸின் பெயரை வைத்தார்கள். இன்றைய ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அதுதான். கம்பி போன இடமெல்லாம் டாட் வானிலைக் கருவிகளையும் கொண்டுபோய் வைத்தார். அந்தக் கருவிகள் சொன்ன செய்தி: ஆஸ்திரேலியாவிலும் அதே வருஷங்களில் அழுத்தம் அதிகம். அங்கேயும் வறட்சி.

1888ல் டாட் பூசி மெழுகாமல் எழுதிவிட்டார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பெரும்பாலும் சேர்ந்தே காய்கின்றன என்று.

நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல். இரண்டு நாடுகளின் கழுத்திலும் ஒரே கயிறு. மறுமுனை யார் கையில்?

*

சூரியன் கையில் என்றார்கள் சிலர். இந்தியாவின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹன்டரும் லண்டனில் வானியலாளர் நார்மன் லாக்யரும் 1877ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். புள்ளி குறையும்போது தென்னிந்தியாவில் மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்பது வாதம். மெட்ராஸ் மழைப் பதிவேட்டையே சாட்சிக்கு இழுத்தார் ஹன்டர். கேட்க அழகாக இருந்தது, அதிகாரிகளுக்கு வசதியாகவும் இருந்தது. பஞ்சத்துக்குச் சூரியன் பொறுப்பென்றால் வைஸ்ராய் லிட்டன் பொறுப்பில்லை அல்லவா? மழை பொய்த்தது இயற்கை. மூட்டை கடற்கரையில் கிடக்க மக்கள் செத்தது இயற்கை அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகிறவரை நான் அன்றைக்கும் நம்பியிருக்க மாட்டேன், இன்றைக்கும் நம்புவதில்லை.

ப்ளான்ஃபோர்டு சூரியனை விட்டு இறங்கி இமயமலைக்கு வந்தார். குளிர்காலத்தில் இமயத்தில் பனி அதிகம் விழுந்து வெயில் காலம் வரை தங்கினால் நிலம் சூடேறத் தாமதமாகும், பருவக்காற்றை இழுக்கும் பலம் குறையும். 1884ல் இதை எழுதினார். 1886லிருந்து பனியைப் பார்த்துப் பருவமழைக்கு முன்னறிவிப்பும் கொடுக்க ஆரம்பித்தார்கள். உலகத்தில் இப்படி ஒரு பருவத்துக்கே ஆரூடம் சொல்லும் அரசாங்க வேலை தொடங்கியது இந்தியாவில்தான்.

சில வருஷம் பலித்தது. பிறகு 1899 வந்தது. ப்ளான்ஃபோர்டின் இடத்துக்கு வந்திருந்த ஜான் எலியட் நல்ல மழை பெய்யும் என்றார். பெய்யவே இல்லை. மறுபடி பஞ்சம், மறுபடி லட்சக்கணக்கில் சாவு.

இத்தனை ஆனபின் எலியட் தன் நாற்காலிக்கு யாரைச் சிபாரிசு செய்தார் தெரியுமா? வானிலை பற்றி ஒரு பாடம்கூடப் படிக்காத ஒருவரை. பூமராங் எறிவதில் பைத்தியமான கேம்பிரிட்ஜ் கணக்கு வாத்தியாரை!

*

கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1889ல் முதலிடம். ஆற்றங்கரைப் புல்வெளியில் நின்றுகொண்டு, எறிந்த கட்டை ஏன் எறிந்தவனிடமே திரும்பி வருகிறது என்று சமன்பாடு போட்டவர். நண்பர்கள் ‘பூமராங் வாக்கர்’ என்றே அழைத்தார்கள். புல்லாங்குழலிலும் கைவைத்தவர். 1904ல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார்.

ஒரு சின்ன விலகல். 1913 பிப்ரவரியில் வாக்கர் வேலை விஷயமாக மெட்ராஸ் வந்தார். துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் கணக்கு நோட்டுத் தாள்களைத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் காட்டினார். பார்த்த கையோடு வாக்கர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பையனுக்கு உதவித்தொகை கொடுங்கள், சில வருஷமாவது சோற்றுக் கவலை இல்லாமல் கணக்குப் போடட்டும் என்பது சாரம். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. பையன் பெயர் ராமானுஜன். மழையைத் தேடி வந்த மனிதர் போகிற போக்கில் செய்துவிட்டுப் போன காரியம் இது.

சரி, மழைக்கு வருவோம். எலியட்டின் தோல்வியைப் பார்த்த வாக்கர் ஒரு முடிவுக்கு வந்தார். காரணம் தேடிப் போனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார். அதனால் காரணமே தேட வேண்டாம். எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு தாளில் இரண்டு பத்தி. இடதுபக்கம் இந்தியாவில் வருஷாவருஷம் பெய்த மழை. வலதுபக்கம், சான்சிபாரில் பெய்த மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்தப் பத்தியின் சராசரியைக் கழிக்க வேண்டும். மிஞ்சியதை எதிர்ப்பக்க மிச்சத்தால் பெருக்க வேண்டும். முப்பது நாற்பது வருஷத்துக்கும் பெருக்கிக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுத்து வகுத்தால் ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவே ஒரு பின்னம் வரும். ஒன்றை ஒட்டி வந்தால் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. மைனஸ் ஒன்றை ஒட்டினால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. பூஜ்ஜியம் என்றால் தாளைக் கசக்கிப் போட வேண்டியதுதான். அடுத்த தாளில் சான்சிபாருக்குப் பதில் தென் அமெரிக்கக் காற்றழுத்தம். அதற்கடுத்து மொரிஷியஸ் அழுத்தம், நைல் வெள்ளம், இமயப் பனி. பிறகு அதே பட்டியல், மூன்று மாதம் முன்னுக்குத் தள்ளி. பிறகு பின்னுக்குத் தள்ளி.

இதையெல்லாம் செய்தது எந்த இயந்திரமும் இல்லை. வானிலை ஆபீஸில் மேஜைக்கு மேஜை உட்கார்ந்திருந்த இந்தியக் குமாஸ்தாக்கள். அவர்களில் ஒருவர் பெயரும் தென் அலைவோடு சேர்த்து இன்று பாடப்புத்தகத்தில் இல்லை.

தென் அலைவு என்று சொல்லிவிட்டேன். அதுதான் அந்தத் தாள் மலையிலிருந்து கிளம்பிய பூதம். பசிபிக் கடலின் கிழக்கிலும் நடுவிலும் காற்றழுத்தம் ஏறும் வருஷங்களில் இந்தியப் பெருங்கடல் பக்கம், ஜாவா, வட ஆஸ்திரேலியா, இந்தியாவில் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. பாதிப் பூமியை அடைத்துக்கொண்டு ஓர் ஏற்றப்பலகை! 1924ல் வாக்கர் அதற்குப் பெயர் வைத்தார். ப்ளான்ஃபோர்டின் பாரமானியும் டாட்டின் பாரமானியும் 1877ல் சேர்ந்து ஏன் கனத்தன என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டும் பலகையின் ஒரே முனையில் உட்கார்ந்திருந்தன.

பாதிதான். பலகையை ஆட்டுவது யார்? வாக்கரிடம் பதில் இல்லை. காரணம் தேட வேண்டாம் என்று தொடங்கியவர் காரணம் இல்லாமலே முடித்தார். ஆயிரம் தாளில் கணக்குப் போட்டால் தற்செயலாகச் சில எண் பொருந்தத்தான் செய்யும் என்று மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் கண்டுபிடிப்பு அலமாரிக்குப் போயிற்று.

அதே 1924ல் வாக்கர் ஓய்வுபெற்று லண்டனுக்குக் கப்பலேறினார். மறுவருஷம், 1925ன் தொடக்கத்தில், உலகத்தின் மறுபக்கம் ஒரு பாலைவனத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வாக்கர் தேடிய மீதிப் பாதி அங்கே கரையொதுங்கிக் கிடந்தது.

*

பெரு நாட்டுக் கடற்கரை. பூமத்திய ரேகைக்கு அடுத்த வீடு. நியாயப்படி பார்த்தால் தண்ணீர் வெதுவெதுவென்றும் கரை பச்சைப்பசேலென்றும் இருக்க வேண்டும். 1802ல் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அங்கே கடலில் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது தண்ணீர் சில்லென்று 16 டிகிரி சொன்னது. கரையோ மணல்காடு. சில இடங்களில் வருஷக்கணக்காக ஒரு துளி விழாது.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? கிழக்கே ஆண்டீஸ் மலை மதில் மாதிரி நிற்கிறது. காற்று அதைத் தாண்ட முடியாமல் கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்காக வீசுகிறது. பூமி சுழல்வதால் தென்பாதிக் கோளத்தில் மேல்தண்ணீர் காற்றின் திசைக்கு இடப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே, ஒதுங்கும். ஒதுங்கிய இடம் காலியாக இருக்குமா? அடியிலிருந்து தண்ணீர் ஏறிவரும். வெயிலே படாத குளிர்ந்த தண்ணீர். செத்து அடியில் மக்கிய உயிர்களின் உப்புச்சத்தையெல்லாம் சுமந்துகொண்டு வரும். வெளிச்சத்துக்கு வந்ததும் அந்த உரத்தில் நுண்பாசி செழிக்கும். பாசியைத் தின்ன ‘ஆஞ்சோவெத்தா’ என்கிற மீன். நம் நெத்திலிக்குப் பங்காளி. கோடானுகோடி. நெத்திலியைத் தின்னப் பறவைகள்: நீர்க்காகம், கூழைக்கடா, பூபி.

பறவைகள் கரையோரத் தீவுகளில் உட்கார்ந்து எச்சமிட்டன. மழை இல்லாததால் எச்சம் கரையவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து சின்சா தீவுகளில் ஐம்பது மீட்டர் உயரத்துக்கு நின்றது. குவானோ என்று அதற்குப் பெயர், முதல்தரமான உரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வயல்களுக்கு அதை வெட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் காசில்தான் பெரு அரசாங்கம் ஓடியது. மலை, காற்று, கடல், பாசி, மீன், பறவை, அரசாங்கக் கஜானா. ஒரே சங்கிலி. ஒரு வளையம் நழுவினால்?

சில வருஷங்களுக்கு ஒருமுறை நழுவியது.

நம் மீனவர்கள் கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல, பெருவின் வடக்கே பைட்டா துறைமுகத்துக் கடலோடிகள் நீரோட்டங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் வடக்கிலிருந்து இதமான ஒரு நீரோட்டம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் ‘எல் நினோ’, குழந்தை யேசு, என்றார்கள். இந்தப் பெயரைப் படித்தவர்கள் சபைக்குக் கொண்டுவந்தவர் காமிலோ காரிய்யோ என்ற கப்பல் கேப்டன். 1892ல் லிமா புவியியல் சங்கத்தில் பேசினார். முந்தைய வருஷம்தான் அந்தக் குழந்தை அட்டகாசம் பண்ணியிருந்தது. 1891ல் பாலைவனத்தில் வெள்ளம். வடக்கத்திக் காட்டு ஆறுகளின் மரங்களும் செத்த முதலைகளும் மிதந்து மிதந்து தெற்கே பக்காஸ்மாயோ வரை வந்து சேர்ந்தன.

அப்படிப்பட்ட வருஷங்களில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். அடித்தண்ணீர் ஏறினாலும் அதில் சத்து இருக்காது. பாசி குறையும், நெத்திலி ஆழத்துக்கும் தெற்குக்கும் ஓடும். பறவைகள் குஞ்சுகளைப் போட்டுவிட்டுப் பறக்கும், அல்லது பட்டினியில் விழும். கரையில் மக்கும் உயிர்களிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றம் கயாவ் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் வெள்ளைப் பெயின்ட்டைக் கருப்பாக்கிவிடும். மாலுமிகள் வேடிக்கையாக ‘கயாவ் பெயின்டர்’ என்பார்கள். கூலி கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பல் முழுக்கப் பூசிவிட்டுப் போகிற பெயின்டர்!

கடலுக்குச் சாவு வருஷம், கரைக்கு வாழ்வு வருஷம். மணல்காட்டில் புல் முளைக்கும், ஆடு மாடு மேயும். செழிப்பு வருஷம் என்றே உள்நாட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

1925ல் இதையெல்லாம் நேரில் நின்று பார்த்து எழுதியவர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபி, அமெரிக்கப் பறவையியலாளர். வாக்கருக்குப் பெருவின் பறவைகளைப் பற்றி யோசிக்கக் காரணமில்லை. மர்ஃபிக்கு இந்தியாவின் பருவமழை பற்றிக் கவலையில்லை. ஒருவர் கையில் காற்றின் கணக்கு, இன்னொருவர் கையில் கடலின் கணக்கு. ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். நடுவில் பசிபிக் இருந்தது, 16,000 கிலோமீட்டர் அகலம். அதன் நடுவே வெப்பமானி போட ஆளில்லை.

முப்பது வருஷம் அப்படியே போயிற்று.

*

1957ல் உலகத்து நாடுகள் சேர்ந்து பூமியை அளக்க ஒன்றரை வருஷம் ஒதுக்கின. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு என்று பெயர். ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது அந்தக் கொண்டாட்டத்தில்தான். எல்லோரும் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே பசிபிக் கடல் பெரிதாகச் சூடேறியது. தற்செயல்தான், ஆனால் என்ன தற்செயல்! வரலாற்றில் முதல்முறையாக நடுக்கடலில் கப்பல்களும் தீவு நிலையங்களும் தயாராக இருந்த நேரத்தில் எல் நினோ வந்து மாட்டிக்கொண்டது. பெரு கரையில் மட்டும் சூடு இல்லை, சர்வதேசத் தேதிக்கோடு வரை கடல் சூடாகியிருந்தது.

அந்த எண்களை எடுத்துவைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் உட்கார்ந்தார். யாக்கோப் பியர்க்னெஸ், நார்வேக்காரர். நவீன வானிலை அறிவியலைக் கட்டியவர்களில் ஒருவரின் மகன். அவரும் இளமையிலேயே பெர்கனில் பெயர் வாங்கியவர். இப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். பசிபிக்கின் நடுவே புள்ளியாகக் கிடக்கும் கான்டன் தீவின் பதிவேடு அவர் கண்ணில் பட்டது. கடல் குளிர்ந்திருக்கும்போது அந்தத் தீவு வறண்டு கிடக்கிறது, கடல் சூடானால் மழை கொட்டுகிறது. பியர்க்னெஸ் அலமாரியிலிருந்து வாக்கரின் பழைய தாள்களை எடுத்துத் தூசி தட்டினார்.

இரண்டு பாதியும் பொருந்தின.

வழக்கமான வருஷங்களில் பூமத்திய ரேகையோரம் கீழ்க்காற்று மேற்காக வீசி, வெயிலில் காய்ந்த மேல்தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டமே பெருவைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். அந்தச் சூட்டுக்கு மேல் காற்று எழும், மழை கொட்டும். எழுந்த காற்று உயரத்தில் கிழக்கே போய்ப் பெருவின் குளிர்கடல் மேல் இறங்கும். மறுபடி கீழோடு மேற்கே வரும். ஒரு செக்கு. காற்று ஓடுவதால் கடலில் சூட்டு வித்தியாசம், சூட்டு வித்தியாசத்தால் காற்று ஓட்டம். முதலில் எது என்று கேட்டால் கோழியா முட்டையா கதைதான்.

ஏதோ ஒரு காரணத்தால் காற்று தளர்ந்தால் குவிந்த வெந்நீர் கிழக்கே சரியும். சரிந்தால் சூட்டு வித்தியாசம் குறையும். குறைந்தால் காற்று இன்னும் தளரும். மழை மேகம் வெந்நீரின் பின்னாலேயே பசிபிக் நடுவுக்குப் போய்விடும். அது விட்டுப்போன இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இந்தியா பக்கம் காற்று அமுங்கும். பாரமானியில் பாதரசம் ஏறும்.

ப்ளான்ஃபோர்டு கல்கத்தாவில் பார்த்தது அதைத்தான். பலகையின் மறுமுனையில் ஒரு மீனவன் நின்றிருந்தான், பைட்டாவில்.

1969ல் பியர்க்னெஸ் இதை எழுதியபோது அந்தக் காற்றுச் செக்குக்கு ‘வாக்கர் சுழற்சி’ என்று பெயரிட்டார். வாக்கர் இல்லை. 1958 நவம்பரில், தன் கணக்கின் மறுபாதியைக் கப்பல்கள் அளந்துகொண்டிருந்த நாட்களில், தொண்ணூறு வயதில் இறந்துபோயிருந்தார்.

கோட்பாட்டுக்குச் சோதனை உடனே வந்தது. 1972ல் எல் நினோ. இந்தியாவில் பருவமழை பொய்த்தது, மகாராஷ்டிரம் காய்ந்தது. பெருவில் 1970ல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிய நெத்திலிப் பிடிப்பு 1973ல் 20 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. வரம்பில்லாமல் வலைபோட்டதும் சேர்ந்துகொண்டது. அந்த நெத்திலி மனிதர் வாய்க்குப் போனது குறைவு, மீன்மாவாகி உலகத்துக் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனமானதே அதிகம். மாவு இல்லையென்றதும் எல்லோரும் சோயாவுக்குப் பாய்ந்தார்கள். விலை எகிறி, 1973ல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே கொஞ்ச நாள் நிறுத்தியது. சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் பதறிப்போய்ப் பிரேசில் பக்கம் திரும்பியது. அங்கே நிலம் உழப்பட்டது.

*

இங்கே கதையை முடித்தால் சுபம். ஆனால் முதல் பத்தியில் நான் ஒன்றைச் சொல்லிவிட்டு நைசாகக் கடந்துவந்தேன். யாராவது கவனித்தீர்களா?

மெட்ராஸில் மழை முதலில் பொய்த்தது 1876ல். எல் நினோ உச்சத்தில் இருந்தது 1877–78ல். வெட்டு விழுந்து ஒரு வருஷம் கழித்துத்தான் கொலைகாரன் ஊருக்கே வருகிறான்!

2018ல் தீப்தி சிங் தலைமையில் ஒரு குழு மர வளையங்களையும் பழைய மழைப் பதிவுகளையும் கிளறியது. 1870 முதல் 1876 வரை பசிபிக் சூடாக அல்ல, குளிர்ந்தே கிடந்திருக்கிறது. நமக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும். ஆனால் நம் ஐப்பசி அடைமழைக்குப் பெரும்பாலும் அது தோழன். பசிபிக் குளிர்ந்தால்தான் வடகிழக்குப் பருவமழை இளைக்கும். ஏரி குளங்கள் ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான் நிரம்ப வேண்டும். 1876ல் அது போயிற்று. 1877ல் பசிபிக் அந்தர்பல்டி அடித்து, பதிவிலேயே மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்றாகிவிட்டது. போதாததற்கு இந்தியப் பெருங்கடலிலும் மேற்கே சூடு, கிழக்கே குளிர் என்று பெரிய ஏறுமாறு. ஒரே ஆள் செய்த கொலை இல்லை. ஒருவன் கதவைத் திறந்துவிட்டுப் போக, இன்னொருவன் நுழைந்திருக்கிறான். வட சீனாவிலும் வடகிழக்குப் பிரேசிலிலும் அதே வருஷங்களில் பஞ்சம். பிணங்களை எண்ண அங்கேயும் ஆளில்லை.

இந்த இரண்டாவது கடலின் கதை பின்னால் வரும். அதற்குமுன் ஒரு அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

1982. பியர்க்னெஸின் செக்கு இப்போது பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. கடலைப் பார்க்க வானத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது. கூட்டிப் பெருக்கக் கணினி இருக்கிறது. அடுத்த எல் நினோ வந்தால் தப்ப முடியாது என்று நிபுணர்கள் நம்பினார்கள். மார்ச் கடைசியில் மெக்சிகோவின் தெற்கே எல் சிச்சோன் என்ற எரிமலை வெடித்தது. கந்தகப் புகை வானத்தின் மேலடுக்குக்கு ஏறி, பூமியைச் சுற்றிப் பரவியது. அதன் வழியாகப் பார்த்த செயற்கைக்கோளுக்குக் கடல் உள்ளதைவிடக் குளிராகத் தெரிந்தது. கப்பல்களிலிருந்து சூடான எண்கள் வந்தன. இவ்வளவு சூடு இருக்க முடியாது, அளந்தவன் தப்பு என்று கணினி அவற்றைத் தள்ளிவிட்டது. அக்டோபரில் அமெரிக்காவில் கூடிய நிபுணர்களால், வந்திருப்பது எல் நினோதானா என்றே ஒருமித்துச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்திலேயே, ஒரே நாளில், பைட்டா துறைமுகத்தில் கடல் 4 டிகிரி சூடேறியிருந்தது.

(அடுத்த வாரம்: கண்ணை மறைத்த சாம்பல்)